நிலக்கரியிலிருந்து தொழிற்சாலை எரிவாயு: பாய்மப் படுகை உலை எப்படி இயங்குகிறது?

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கும் நிலக்கரியில் பெரும்பங்கு அனல்மின் நிலையங்களின் கொதிகலன்களுக்குப் போகிறது. அங்கே கரியைப் பொடித்து எரித்து, அந்தச் சூட்டில் நீராவி எழுப்பினால் வேலை முடிந்தது. சாம்பல் குழாய்களின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். தாழையூத்து சிமென்ட் சூளையிலும் சாம்பலால் பெரிய தொல்லை இல்லை, ஏனெனில் அது சுண்ணாம்புக்கல்லோடு கலந்து கிளிங்கரின், அதாவது சிமென்டுக்காக அரைக்கப்படும் கட்டிகளின், ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. காருகுறிச்சி மண்பானைச் சூளையில் சாம்பல் படிந்தால் தட்டிவிடலாம். ஆனால் மெருகுப்பூச்சு உருகிக்கொண்டிருக்கும் தரை ஓட்டின் மீதோ, கண்ணாடி உருகும் தொட்டியிலோ ஒரு சிட்டிகை சாம்பல் விழுந்தாலும் சரக்கு கெட்டுவிடும். இத்தகைய உலைகளுக்குச் சுத்தமான சுடர் வேண்டும். இயற்கை எரிவாயுவோ ஃபர்னஸ் ஆயிலோ விலை கட்டுப்படியாகாத இடத்தில், கரியையே முதலில் எரிவாயுவாக மாற்றி, தூசு நீக்கி, குழாய் வழியே பர்னருக்கு அனுப்பும் வழி ஒன்று உண்டு. அதைத்தான் நிலக்கரி வாயுவாக்கம் என்கிறோம். அதைச் செய்யும் உலைகளில் பாய்மப் படுகை உலை ஒருவகை. இந்த உலையின் நன்மைகளும் குறைகளும் பெரும்பாலும் அது வெப்பநிலையைக் கையாளும் விதத்திலிருந்தே பிறக்கின்றன. அந்த நூலைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும் என்பதால், இந்தக் கட்டுரையும் அதன் வழியிலேயே செல்கிறது.

முதலில் வேதியியலைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 12 கிராம் கார்பனை முழுமையாக எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றினால் சுமார் 394 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். அதே கார்பனுக்குப் பாதி ஆக்சிஜனை மட்டும் கொடுத்துக் கார்பன் மோனாக்சைடாக நிறுத்தினால் வெளிவருவது 111 கிலோஜூல்தான். எஞ்சிய 283 கிலோஜூல், அதாவது பத்தில் ஏழு பங்குக்குச் சற்று மேல், அந்த வாயுவுக்குள்ளேயே எரிசக்தியாகத் தங்கியிருக்கும். அந்த வாயுவைக் குழாயில் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் காற்றோடு சேர்த்து எரித்தால் அந்த வெப்பத்தை அங்கே பெறலாம். ஆகவே வாயுவாக்கம் என்பது, கரியைக் குறைந்த ஆக்சிஜனில் பாதி வழியிலேயே நிறுத்தி எரிப்பது. முழு எரிதலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உலைக்குள் விடப்படுகிறது.

உலைக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும் அந்த 111 கிலோஜூலையும் வீணாக விடவேண்டியதில்லை. காற்றோடு நீராவியையும் செலுத்தினால், சிவக்கக் கனன்ற கரியோடு நீராவி வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் தருகிறது. இந்த வினை வெப்பத்தை உறிஞ்சக்கூடியது. 12 கிராம் கார்பனுக்கு 131 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு மீண்டும் கரியைத் தொட்டு இரண்டு பங்கு கார்பன் மோனாக்சைடாக மாறும் வினையும் அதேபோல 172 கிலோஜூலை எடுத்துக்கொள்ளும். ஒருபக்கம் எரிதல் சூட்டைத் தருகிறது. மறுபக்கம் இவ்விரு வினைகளும் அச்சூட்டை வாங்கி வாயுவுக்குள் சேமிக்கின்றன. வரவும் செலவும் சமமாகும் புள்ளியில்தான் உலையின் வெப்பநிலை நிலைகொள்ளும். உலையை ஓட்டுபவரின் கையில் உள்ள முக்கியமான கருவிகள் இரண்டுதான்: காற்று வால்வைத் திறந்தால் சூடு ஏறும், நீராவி வால்வைத் திறந்தால் சூடு இறங்கும்.

காற்றை ஊதுவதால் அதிலுள்ள நைட்ரஜனும் கூடவே வந்துவிடும். அதைத் தடுக்க வழியில்லை. எனவே இவ்வாறு கிடைக்கும் வாயுவில் பாதி நைட்ரஜனாகவே இருக்கும். கார்பன் மோனாக்சைடு 14 முதல் 20 சதவீதம், ஹைட்ரஜன் 12 முதல் 16 சதவீதம், மீத்தேன் 1 முதல் 3 சதவீதம், மீதி கார்பன் டை ஆக்சைடு என்பது வழக்கமான கலவை. ஒரு கன மீட்டரில் நான்கு முதல் ஐந்து மெகாஜூல் வெப்பமே இருக்கும். இயற்கை எரிவாயுவில் அது 36 மெகாஜூலுக்கு அருகில் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் ஃபர்னஸ் ஆயில் செய்யும் வேலைக்கு இந்த வாயு எட்டு அல்லது ஒன்பது கன மீட்டர் தேவைப்படும். காற்றுக்குப் பதில் ஆக்சிஜனை ஊதினால் வாயுவின் செறிவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறும்; ஆனால் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் ஆலை தனியே வேண்டும். உரமோ மெத்தனாலோ தயாரிப்பவர்கள் அச்செலவை ஏற்கிறார்கள். உலையைச் சூடாக்க மட்டும் வாயு கேட்பவருக்குக் காற்றே போதும்.

இனிப் படுகைக்கு வருவோம். இதை விளக்குவதற்குப் பொறியியல் கல்லூரிகளின் வேதிப்பொறியியல் ஆய்வகங்களில் ஓர் எளிய கருவி வைத்திருப்பார்கள்: செங்குத்தான கண்ணாடிக் குழாய், அடியில் நுண்துளைத் தட்டு, அதன்மேல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சலித்த மணல், தட்டுக்குக் கீழே புளோயரிலிருந்து வரும் காற்று. மணலுக்குக் கீழும் மேலும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்ட, பக்கத்தில் நீர் நிரப்பிய மனோமீட்டர். காற்றை மெல்லத் திறக்கும்போது மணல் அசையாது. காற்று மணிகளுக்கிடையே புகுந்து போய்விடும், மனோமீட்டரில் நீர்மட்ட வேறுபாடு மட்டும் படிப்படியாக ஏறும். நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவிலான வேகத்தை நெருங்கும்போது வேறுபாடு 45 சென்டிமீட்டர் நீருக்கு வந்து நின்றுவிடும். அதன்பின் காற்றை எவ்வளவு கூட்டினாலும் அது ஏறாது. மணல்தான் தளர்ந்து உப்பும், குமிழ்கள் எழும், மேற்பரப்பு கொதிப்பதுபோல் குமுறும். இந்த 45-க்குக் காரணம் எளிது: மணல் நீரைவிட ஒன்றரை மடங்கு கனமான குவியல், ஆகவே 30 சென்டிமீட்டர் மணலின் எடையும் 45 சென்டிமீட்டர் நீரின் எடையும் ஒன்றே. அதாவது அந்தப் புள்ளியில் காற்று மணலின் முழு எடையையும் தாங்கிவிட்டது. தாங்கப்பட்ட மணல் அதன்பின் திரவத்தைப் போலவே நடந்துகொள்கிறது. ஒரு பிளாஸ்டிக் பந்தை அடியில் புதைத்தால் மேலே வந்து மிதக்கும், இரும்பு போல்ட்டை மேலே வைத்தால் மூழ்கும், குழாயைச் சாய்த்தாலும் மேற்பரப்பு மட்டமாகவே இருக்கும். இந்த நிலையில் உள்ள துகள்களின் அடுக்கையே பாய்மப் படுகை என்கிறார்கள்; ஆலைகளில் ஃபுளூயிடைஸ்டு பெட் என்றே வழங்கும்.

திரவம்போல் நடந்துகொள்வதால் உலைக்கு என்ன லாபம் என்பதற்கு, தெருமுனையில் கடலை வறுப்பவரின் இரும்புச் சட்டியைப் பாருங்கள். கடலையை வெறும் சட்டியில் போட்டால் அடிப்பட்டது கருகும், மேலிருப்பது பச்சையாகவே இருக்கும். சூடான மணலில் போட்டுக் கிளறும்போது ஒவ்வொரு கடலையையும் எல்லாப் பக்கமும் ஒரே சூடு சூழ்ந்துகொள்கிறது. புதிதாக ஒரு படி பச்சைக்கடலையைக் கொட்டினாலும் மணலின் சூடு சட்டென்று இறங்குவதில்லை. பாய்மப் படுகையில் அந்தக் கரண்டியின் வேலையைக் கீழிருந்து எழும் காற்றுக் குமிழ்கள் இடைவிடாமல் செய்கின்றன. பல மீட்டர் உயரமுள்ள படுகையில் அடியிலும் நடுவிலும் மேலும் வைத்த வெப்பமானிகள் ஒன்றுக்கொன்று சில டிகிரி வேறுபாட்டுக்குள்ளேயே காட்டும் அளவுக்குக் கலக்கம் நன்றாக இருக்கும்.

உலைக்குள் நடப்பதை இப்போது எளிதாகக் கற்பனை செய்யலாம். 6 மில்லிமீட்டருக்கும் சிறிதாக நொறுக்கிய கரி, ஹாப்பரிலிருந்து திருகுக் கன்வேயர் வழியே படுகைக்குள் தள்ளப்படுகிறது. அங்கே பெரும்பகுதி ஏற்கெனவே வெந்த சாம்பலும் பாதி வெந்த கரியும்தான். புதுக்கரி அதில் சிறு பங்கு. உள்ளே விழுந்த துணுக்கு நொடிகளுக்குள் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். ஈரம் ஆவியாகும், ஆவியாகக்கூடிய எண்ணெய்களும் தாரும் வெளியேறும், மிஞ்சும் கரி நிமிடக் கணக்கில் படுகைக்குள் சுற்றியபடி நீராவியோடும் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரிந்து தேயும். குமிழ்கள் எழும் வகையிலான உலையில் காற்றின் வேகம் பொதுவாக நொடிக்கு ஒன்று முதல் மூன்று மீட்டர் வரை இருக்கும். அதைவிடக் கூட்டினால் துகள்கள் வாயுவோடு பறந்து உலையை விட்டே வெளியேறும். அவற்றைச் சைக்ளோன் என்ற சுழல் தூசுப்பிரிப்பானில் பிடித்து மீண்டும் அடியில் சேர்க்கும் உலைகளும் உண்டு, அவை சுழல் பாய்மப் படுகை உலைகள்.

வெப்பநிலையை ஏன் 900 முதல் 1,000 டிகிரிக்குள் வைக்கிறார்கள் என்பதே இந்த உலையின் மையக் கேள்வி. 800-க்குக் கீழே போனால் நீராவி வினை மந்தமாகிவிடும், தாரும் சிதையாமல் வாயுவோடு வந்து குழாய்களை அடைத்துவிடும். மேலே போனால் வேறு ஆபத்து காத்திருக்கிறது: சாம்பல் இளகத் தொடங்கும், இளகிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், ஒட்டியவை கனத்துப்போய் அடியில் தங்கும், அங்கே காற்று சரியாகப் பாயாததால் சூடு இன்னும் ஏறி மேலும் ஒட்டும். கொஞ்ச நேரத்தில் படுகையே கல்லாகி, உலையை நிறுத்தி, ஆறவிட்டு, கடப்பாரையால் உடைத்து எடுக்க வேண்டிய நிலை வரும். ஆலைக்காரர்கள் இதைக் கிளிங்கர் பிடித்துவிட்டது என்பார்கள். இதன் முதல் அறிகுறி வெப்பமானிகளில் தெரியும்: ஒன்றாகவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தவற்றில் ஒன்று மட்டும் தனியே விலகிப் போகும், அழுத்த வேறுபாடும் தன் வழக்கமான அளவிலிருந்து இறங்கும். அனுபவமுள்ள ஆபரேட்டர் அந்த நொடியிலேயே நீராவியைக் கூட்டி, அடியிலிருந்து சாம்பலை வேகமாக இறக்கத் தொடங்குவார்.

இந்தியக் கரிக்கு இந்த உலை பொருந்துவது இதனாலேயே. நம் கரியில் சாம்பல் 35 முதல் 45 சதவீதம் வரை இருப்பது சாதாரணம். அதில் சிலிக்காவும் அலுமினாவும் மிகுதி என்பதால் அது இளகுவதற்குப் பெரும்பாலும் 1,200 டிகிரிக்கு மேல் தேவைப்படும். ஆகவே 950 டிகிரியில் ஓடும் படுகைக்குப் போதிய இடைவெளி கிடைக்கிறது. மாவுபோல் அரைத்த கரியை 1,400 டிகிரிக்கு மேல் ஊதி வாயுவாக்கும் உலைகளில் இதே சாம்பல் முழுவதையும் உருக்கித்தான் வெளியேற்ற வேண்டும். கரியில் ஐந்தில் இரண்டு பங்கு கல்லாக இருக்கும்போது அதை உருக்குவதற்கே எரிசக்தி செலவாகிவிடும். மறுபுறம், கட்டிக்கரியை அடுக்கி வைத்து எரிக்கும் பழைய நிலைப்படுகை உலைகளுக்கு 5 முதல் 50 மில்லிமீட்டர் கட்டிகள் வேண்டும். இயந்திரங்கள் வெட்டியெடுக்கும் கரியில் சேரும் தூள் அவற்றுக்கு உதவாது. அந்த உலைகளில் வாயு மேலே குளிர்ந்த புதுக்கரியின் ஊடே வெளியேறுவதால் தார் சிதையாமல் அப்படியே வந்துவிடும் என்பது இன்னும் பெரிய குறை. வாயுவைக் கழுவும்போது அந்தத் தாரும் ஃபீனால் என்ற நச்சுப்பொருளும் தண்ணீரில் இறங்கிவிடும். குஜராத்தின் மோர்பியில் தரை ஓட்டு ஆலைகள் வைத்திருந்த நிலக்கரி வாயு உலைகளை 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மூடச் சொன்னதன் பின்னணியில் இத்தகைய கழிவுநீரும் தாரும் இருந்தன. அந்த அனுபவத்தை வைத்து வாயுவாக்கத்தையே ஒதுக்குவது சரியல்ல என்பது என் கருத்து. பாய்மப் படுகையில் தார் படுகைக்குள்ளேயே பெரும்பாலும் உடைந்துவிடுகிறது, முழுவதும் இல்லாவிட்டாலும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்லர் 1922-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1926-இல் லொய்னா நகரில் 13 மீட்டர் உயரமுள்ள முதல் பெரிய உலை ஓடத் தொடங்கியது. பாய்மப் படுகை என்ற உத்தி பெட்ரோலிய ஆலைகளுக்குள் நுழைந்தது அதற்குப் பின்னர்தான். நம் நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா தயாரித்த காலத்தில் விங்க்லர் வகை உலைகள்தான் வாயு கொடுத்தன. ஜெர்மனியின் பெரன்ராத்தில் 1986 முதல் 10 பார் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் பத்து மடங்கு) அழுத்தத்தில் அதே வகை உலையை ஓட்டினார்கள். அழுத்தம் கூடினால் அதே அளவு உலையில் பல மடங்கு கரியை வாயுவாக்கலாம். திருச்சியில் பெல் (பி.எச்.இ.எல்., பாரத மிகுமின் நிறுவனம்) 1980-களின் பிற்பகுதியில் 6.2 மெகாவாட் மின்சாரம் தரும் வாயுவாக்கச் சோதனை நிலையத்தை அமைத்தது. பின்னர் அங்கேயே நாளுக்கு 168 டன் கரி கொள்ளும் அழுத்தப் பாய்மப் படுகை உலையைச் சாம்பல் மிகுந்த இந்தியக் கரியில் ஓட்டிப் பார்த்தது. அந்நிறுவனத்தின் ஹைதராபாத் ஆய்வு மையம் 2021-இல் இத்தகைய கரியிலிருந்து நாளுக்கு 0.25 டன் மெத்தனால் எடுத்துக் காட்டியது. 2030-க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் கரியை வாயுவாக்குவது என்பது ஒன்றிய அரசின் இலக்கு. 2024 ஜனவரியில் அதற்காக 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

உலையை விட்டு வெளிவரும் வாயு 900 டிகிரியில், சாம்பல் தூசு சுமந்து வரும். முதலில் சைக்ளோனில் சுழன்று பெருந்தூசு பிரியும். பின் ஒரு கொதிகலனில் தன் சூட்டைக் கொடுத்துக் குளிரும். உலைக்கு வேண்டிய நீராவி பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். அதன்பின் பை வடிகட்டியில் நுண்தூசு நிற்கும். கரியில் உள்ள கந்தகம் இங்கே ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கும். இதற்குப் படுகையிலேயே சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்ப்பது ஒரு நல்ல வழி. அது சுட்டுச் சுண்ணாம்பாகி, கந்தகத்தைக் கால்சியம் சல்பைடாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கால்சியம் சல்பைடு கலந்த சாம்பலை அப்படியே வெளியில் கொட்டக்கூடாது, மழை பட்டால் மீண்டும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அதைக் காற்றில் எரித்துக் கால்சியம் சல்பேட்டாக்கிய பின்பே அகற்ற வேண்டும். திட்ட அறிக்கைகளில் இந்தக் கடைசிப் படி விடுபட்டிருந்தால் கேள்வி கேட்பது நல்லது.

வாயு நீர்த்தது என்பதால் குழாய்கள் பெரிதாக இருக்க வேண்டும், பர்னரையும் அதற்கென்றே வடிவமைக்க வேண்டும். இயற்கை எரிவாயு பர்னரில் இதைத் திருப்பிவிட்டால் சுடர் நிற்காது. தொலைவுக்கு அனுப்புவதும் கட்டாது. வாயு உலையும் சூளையும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். 1,100, 1,200 டிகிரி கேட்கும் ஓட்டுச் சூளைக்கு இந்த வாயு தாராளமாகப் போதும். கண்ணாடித் தொட்டிபோல் அதைவிட மிகுந்த சூடு வேண்டிய இடத்தில் எரிதலுக்கான காற்றை முன்கூட்டியே சூடேற்றித்தான் சுடரின் வெப்பநிலையை உயர்த்த முடியும்.

இந்த உலையின் பெரிய குறை கரி வீணாவது. எல்லாம் நன்றாகக் கலந்திருப்பதே படுகையின் பலம் என்றால், அடியில் இறக்கும் சாம்பலோடு வேகாத கரியும் சேர்ந்தே வெளியேறும் என்பது அதன் மறுபக்கம். பழைய விங்க்லர் உலைகளில் இந்த இழப்பு கணிசமாக இருந்தது. மேலே பறந்துபோகும் தூளிலும் கரி இருக்கும். சைக்ளோன் தூளை உலைக்கே திருப்புவது, படுகைக்கு மேலே இரண்டாம் முறை காற்று ஊதுவது, மிஞ்சிய சாம்பலைக் கொதிகலனில் எரிப்பது என்று பல வழிகளில் இதைக் குறைக்கிறார்கள். ஆயினும் காற்றில் ஓடும் சிறிய உலையில், கரியில் இருந்த வெப்பத்தில் 65 முதல் 75 சதவீதம் குளிர்ந்த வாயுவாகக் கைக்கு வந்தால் அதை நல்ல ஓட்டம் என்றே சொல்ல வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் பத்தாயிரத்தில் சுமார் பன்னிரண்டு பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதப்படும் வாயு, இந்தக் குழாயில் நூற்றில் இருபது பங்கு வரை ஓடுகிறது. ஆகவே உலையைச் சுற்றி எச்சரிக்கைக் கருவிகள் எப்போதும் இயங்க வேண்டும். குழாயைத் திறக்குமுன் நைட்ரஜனோ நீராவியோ செலுத்தி உள்ளிருப்பதை முற்றிலும் வெளியேற்ற வேண்டும். யாரும் தனியே உள்ளே இறங்கக்கூடாது. தொடங்கும் வேளையும் நுட்பமானது. எண்ணெய்ச் சுடரால் படுகையைச் சூடாக்கி, முதலில் தாராளக் காற்றில் கரியை எரித்து, பின்பே காற்றைக் குறைத்து வாயுவாக்கத்துக்கு மாற்றுவார்கள். அந்த மாற்றத்தின்போது குழாயில் காற்றும் எரிவாயுவும் வெடிக்கக்கூடிய விகிதத்தில் கலந்திருக்க இடமுண்டு என்பதால், வாயுவின் தரம் நிலைக்கும்வரை அதைச் சூளைக்கு விடாமல் உயரமான புகைபோக்கியின் உச்சியில் எரித்துவிடுவார்கள்.

கார்பன் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே அளவு வெப்பத்துக்கு நிலக்கரி, இயற்கை எரிவாயுவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியிடும். வாயுவாக்கத்தில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் அது இரண்டு மடங்கைத் தாண்டும். இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு இயற்கை எரிவாயுக் குழாய் 2021-இல் வந்துவிட்டது. எனவே நெல்லைச் சீமையில் புதிதாகச் சூளை வைக்க நினைப்பவர், குழாய் எட்டும் தூரத்தில் இருந்தால் அதன் விலையை முதலில் விசாரிக்க வேண்டும். குழாய் எட்டாத இடத்தில், நாளுக்குப் பல டன் கரி செலவாகும் அளவுக்குச் சூளை பெரிதாகவும், இரவு பகலாக நிற்காமல் ஓடுவதாகவும் இருந்தால், பாய்மப் படுகை உலையின் விலைப்பட்டியலை வாங்கிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. வாரத்தில் மூன்று நாள் மட்டும் எரியும் சிறு சூளைக்கு அது ஏற்றதல்ல. ஒவ்வொரு முறையும் படுகையைச் சூடேற்றுவதற்கே எண்ணெய்ச் செலவு தின்றுவிடும்.